அப்படி ஓர் இடம் இல்லை

போன மாதம் ஒரு சனிக்கிழமை அபிராமி சுவிஸில் ஓல்டன் என்ற ஊரில் உள்ள என் வீட்டுக்கு ஒரு கடிதத்தோடு வந்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் வேலைக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் அவள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள், கெட்டிக்காரி, கோபக்காரி. தஞ்சம் கேட்டு வருகிறவர்களை விசாரிக்கும்போது மொழிபெயர்ப்பாளர் இனி அந்த அறைக்குள் இருக்கத் தேவையில்லை, வேறெங்கோ இருந்து தொலைபேசியில் கதைத்தால் போதும் என்று சில இடங்களில் மாற்றிக்கொண்டு வருகிறார்களாம். அதை எதிர்த்து எழுதிய கடிதத்தில் பழைய ஆட்களும் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"அங்கிள், ஆளின்ரை முகத்தைப் பாக்காமல் என்னெண்டு செய்யிறது? சைன் பண்ணுங்கோ."

"மாட்டன்."

"என்ன மாட்டன்? முப்பது வருசம் அந்தக் கதிரையிலை இருந்தனீங்கள்!"

"இருந்ததாலைதான் மாட்டன் எண்டுறன். நீ ஆளின்ரை முகத்தைப் பாக்கிறாய். ஆள் உன்ரை முகத்தைப் பாக்கிறதை யோசிச்சனியோ?"

அவளுக்கு விளங்கவில்லை. தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுக் கோபத்தோடு எழும்பினாள். வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, "அப்ப காரணத்தை எழுதித் தாங்கோ, எல்லாருக்கும் காட்டுறன்" என்றாள். சவால் விட்டால் நான் விட்டுவிடுவேனா? எழுதுகிறேன். எனக்குப் பெருமை தருகிற கதை இல்லை என்பதை மட்டும் முதலே சொல்லிவிடுகிறேன்.

நான் மொழிபெயர்ப்பாளராக வந்தது படித்து அல்ல. எண்பதுகளின் தொடக்கத்தில் இந்த நாட்டுக்கு வந்து ஓல்டன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு உணவகத்தின் குசினியில் சட்டி கழுவினேன். சமையற்காரனிடம் திட்டு வாங்கிப் பாதி ஜெர்மன், மாலை வகுப்பில் மீதி ஜெர்மன். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு எங்கள் சனம் கூட்டமாக வந்து இறங்கியது. அதிகாரிகளுக்குத் தமிழ் தெரிந்த ஆள் உடனே தேவைப்பட்டது. அரை மணி நேரம் பரீட்சை வைத்தார்கள். அடுத்த திங்களே வரச் சொன்னார்கள். அந்த அலுவலகம் எந்த ஊரில் என்பது இங்கே வேண்டாம். ரயிலில் போய்வருகிற தூரம்.

என் அதிகாரியின் பெயர் ஃப்ளூரி. ஐம்பது வயது, மெலிந்த ஆள், சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. குரலை ஒருநாளும் உயர்த்தமாட்டார். அதனாலேயே எனக்கு அவரிடம் பயம். முதல் நாள் என்னை நிற்க வைத்தே விதிகளைச் சொன்னார். மனுதாரர் 'நான்' என்றால் நீங்களும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். ஒரு சொல்லைக் கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. உங்களுக்கு அபிப்பிராயம் கிடையாது. கடைசியாகச் சொன்னதை விரலை நீட்டிச் சொன்னார்: "விசாரணைக்கு முன்னே தாழ்வாரத்தில் அவர்களோடு கதைக்கக்கூடாது. வணக்கம்கூட வேண்டாம்."

அறையில் ஒரு மேசை. ஃப்ளூரிக்கு எதிரே மனுதாரர். பக்கவாட்டில் என் கதிரை. அதை அவர் 'மூன்றாவது கதிரை' என்பார். சன்னலோரம் தட்டச்சுப் பொறியோடு ஃபிராவ் மோசர் என்ற பெண்மணி. மேசையில் ஒரு கிளாஸ் தண்ணீர், இரண்டு பென்சில்கள். ஒன்று சாதாரணம், மற்றது சிவப்பு. பதில்களில் முரண்பாடு கண்டால் ஃப்ளூரி சத்தமில்லாமல் சிவப்புப் பென்சிலை எடுத்து ஒரு கோடு போடுவார். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒருவனைத் திருப்பி அனுப்பும் விமானச் சீட்டு நெருங்குகிறது என்று எனக்குத் தெரியும்.

பிறகு வரைபடம். வெள்ளைக்காரன் காலத்தில் அளந்து அச்சடித்த யாழ்ப்பாண வரைபடத்தை எங்கிருந்தோ எடுப்பித்து வைத்திருந்தார். எவன் வந்தாலும் முதல் அரை மணி நேரம் அதில்தான் போகும். உங்கள் ஊருக்கு வடக்கே என்ன ஊர்? எந்தக் கோயில் மணி வீட்டுக்குக் கேட்கும்? பஸ் எங்கே நிற்கும்? கடிதம் எந்தத் தபால் கந்தோரால் வரும்? சொன்னதெல்லாம் வரைபடத்தில் பொருந்தினால்தான் மிச்சக் கதைக்குக் காது கொடுப்பார். ஊர் பொய்யென்றால் எல்லாம் பொய். இதுதான் அவர் கணக்கு.

எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? ஊர் எது என்றால், பத்து மைல் தள்ளி இருக்கிறவனும் 'யாழ்ப்பாணம் டவுன்' என்பான். வெளியாளுக்குத் தெரிந்த பெயரைச் சொல்வதுதான் எங்கள் பழக்கம். அது ஃப்ளூரிக்குப் பொய். எத்தனையோ தடவை விளக்கம் சொல்ல வாய் துடித்தது. விதியை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அந்த அறைச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு தாள் தொங்கியது. அழகான கையெழுத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாகச் சில சொற்கள். வந்தவர்கள் அதை ஏதோ சட்டம் என்று நினைத்துப் பயப்படுவார்கள். ஒரு ஐயா வேதவாக்கியம் என்று நினைத்துக் கும்பிட்டே விட்டார். உண்மையில் அது ஒரே ஒரு ஊரின் பெயர். ஃப்ளூரியின் மனைவி மார்கரெட் இங்கிலாந்துக்காரி. சார்ல்டன் என்ற கிராமத்தில் பிறந்தவர். அந்தப் பெயர் காலத்துக்குக் காலம் எப்படி மாறியது என்பதைத் தன் கையால் எழுதிக் கொடுத்திருந்தார்.

ஒரு கோப்பி இடைவேளையில் ஃப்ளூரி அதைப் பற்றிச் சொன்னார். அலுவலில் கல்லாக இருக்கும் மனுசன், ஊர்ப் பெயர் என்றால் உருகிவிடுவார். முதல் வரியில் இருந்தவை பழைய ஆங்கிலச் சொற்கள் இரண்டு. ஒன்றுக்குப் பொருள் தாழ்நிலைக் குடியானவன், பிரபுவின் காணியில் பாடுபடுகிறவன். மற்றதற்குப் பொருள் பண்ணை அல்லது குடியிருப்பு. அடுத்த வரி, ஓர் அரசன் தன் நாட்டு ஊர்களையெல்லாம் வரிக்காகப் பதிவித்த பழைய ஏட்டில் அந்த ஊர் இருக்கும் விதம்: செர்லெட்டன். எழுதியவர்கள் பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்காரரின் எழுத்தர்கள். தங்கள் வாய்க்கு வந்தபடி எழுதினார்கள். பிறகு தேவாலயப் பதிவேட்டில் நடு எழுத்து தேய்ந்து செர்ல்டன். பிறகு சார்ல்டன். அதே பொருளில் பிறந்த ஊர்கள் வேறு பகுதிகளில் கார்ல்டன் என்றும் சோர்ல்டன் என்றும் இருக்கின்றனவாம்.

"பாருங்கள்," என்றார், "கீழ்ச்சாதிக்காரரின் ஊர் என்று யாரோ மேலேயிருந்து வைத்த பெயர். இன்று மார்கரெட் அதைப் பெருமையாகச் சட்டம் போட்டு மாட்டுகிறாள்."

நான் தலையாட்டினேன். அவர் பாவித்த ஜெர்மன் சொல்லுக்கு என் மனதில் உடனே வந்த தமிழ்ச் சொல் சாதிதான். எனக்கு ஒரு ஊர் நினைவுக்கு வந்தது. கோப்பியைக் குடித்து அதை விழுங்கினேன்.

இனி அந்த வழக்கு. எண்பத்தாறு நவம்பர். காலையில் பனிமூட்டம், ரயில் பிந்திவிட்டது. ஓடிப்போய்ப் படியேறினால் தாழ்வாரத்து வாங்கில் ஒரு இளைஞன் தனியாக உட்கார்ந்திருந்தான். இருபத்தெட்டு வயது இருக்கும். யாரோ கொடுத்த பெரிய குளிர்ச்சட்டை. ஒரு கை அதன் பைக்குள்ளேயே இருந்தது. என்னைக் கண்டதும் எழும்பி நின்றான்.

எனக்குப் பாவமாக இருந்தது. இரண்டு சொல் கதைத்தால் ஆறுதலாக இருக்குமே என்று நினைத்தேன். யாழ்ப்பாணத்தான் யாழ்ப்பாணத்தானைக் கண்டால் முதலில் கேட்கிற கேள்வி என் வாயிலிருந்து தானாக வந்தது.

"தம்பி ஊரிலை எவடம்?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "வடமராட்சிப் பக்கம்."

"வடமராட்சியிலை எவடம்?"

"நீங்கள் எவடம், அண்ணை?"

"நான் கொன்றையடி. அங்கை தபால் கந்தோரிலை ஏழு வருசம் வேலை செய்தனான்."

முகத்தில் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் அப்படியே வற்றிப்போனதைக் கண்டேன். "ஓ" என்றான். திரும்பப் போய் வாங்கில் இருந்தான். எனக்குச் சுருக்கென்றது. ஊரிலே 'எவடம்?' என்றால் அது விலாசம் கேட்கிற கேள்வி மட்டும் இல்லை என்று தெரியாத யாழ்ப்பாணத்தான் யார்? ஊரைச் சொன்னால் குறிச்சியைக் கேட்போம். குறிச்சியைச் சொன்னால் கோயிலைக் கேட்போம். மூன்று கேள்வியில் ஆளின் சாதியை அளந்து முடித்துவிடுவோம். சுவிஸுக்கு வந்தும் என் வாய் மாறவில்லை.

விசாரணை ஒன்பதரைக்குத் தொடங்கியது. பெயர் தவராசா. தொழில் மேசன். பிறந்த ஊர்?

"வளர்மதிபுரம்."

என் காது சூடாகியது. அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு கணம் பிந்திவிட்டேன். ஃப்ளூரி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

வளர்மதிபுரம் கொன்றையடிக்கு அடுத்த ஊர். நடுவிலே ஒரு வயல்வெளி, ஒரு ஒழுங்கை. நாங்கள் கொன்றையடிக்காரர் காணியும் கோயிலும் பள்ளிக்கூடமும் வைத்திருந்த சாதி. அவர்கள் எங்கள் காணிகளில் பாடுபட்டவர்கள். அவர்கள் ஊருக்கு நாங்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அவர்களுடைய சாதியின் பெயரும், அவர்கள் ஒதுங்கி இருக்க வேண்டிய மூலையும் சேர்ந்த பெயர். பஸ் கொண்டக்டர் அதைக் கூவித்தான் அவர்களை இறக்குவான். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுபதுகளில் அந்த ஊர் இளைஞர்கள் வளர்மதி வாசிகசாலை என்று ஒன்றைக் கட்டி, அந்தப் பெயரையே ஊருக்கும் வைத்தார்கள். தங்களுக்குத் தாங்களே புது விலாசத்தில் கடிதம் போட்டார்கள். தபால் கந்தோர் ஏற்றுக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும் என்பது அவர்கள் யோசனை.

அந்தக் கடிதங்கள் என் மேசைக்குத்தான் வந்தன. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் தபாலதிபரின் வீட்டுக்குப் போய்க் கதைத்தார்கள். தபாலதிபர் என்னிடம் சொன்னார். நான் எழுதினேன். உறைக்கு உறை, சிவப்பு மையில்: 'அப்படி ஓர் இடம் இல்லை. அனுப்பியவருக்குத் திருப்புக.' எத்தனை உறை என்று நினைவில்லை. எழுதும்போது சிரித்தது நினைவிருக்கிறது.

ஃப்ளூரி வரைபடத்தை விரித்தார். வளர்மதிபுரம் அதில் இல்லை. எப்படி இருக்கும்? அது அச்சடித்தபோது தவராசாவின் அப்பாவே பிறந்திருக்கமாட்டார். கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. வடக்கே? வயல், அதற்கு அப்பால் கொன்றையடி. கோயில் மணி? கொன்றையடி அம்மன் கோயில். உள்ளே போயிருக்கிறீர்களா? "வெளியிலை நிண்டு கும்பிடுவம்." தபால்? கொன்றையடி. எல்லாம் சரி. நான் அறிந்து ஒரு சொல் பிசகவில்லை.

பிறகு தன் கதையைச் சொன்னான். இராணுவம் விடியற்காலையில் ஊரைச் சுற்றி வளைத்தது. வாசிகசாலைக்குள் இருந்தவர்களை இழுத்துப்போனது. அதில் அவனுடைய அண்ணனும் ஒருவன். மூன்றாம் நாள் உடல் வந்தது. இவன் பனங்காணிக்குள்ளால் ஓடித் தப்பினான். இராணுவத்தின் பெயர்ப்பட்டியலில் இவனும் இருக்கிறான். திரும்பிப் போனால் அண்ணனுக்கு நடந்ததுதான். சொல்லும்போது குரல் நடுங்கவே இல்லை. 'என் அண்ணன்' என்று நான் ஜெர்மனில் சொன்னபோது என் குரல்தான் நடுங்கியது.

ஃப்ளூரி ஒரு கோப்பைத் திறந்து ஆங்கிலப் பத்திரிகைத் துண்டு ஒன்றை எடுத்தார். மனுசன் உதவி செய்யத்தான் பார்த்தார், அது எனக்குத் தெரியும். அந்தத் துண்டில் அதே சுற்றிவளைப்பு, அதே வாசிகசாலை இருந்தன. ஆனால் ஊருக்குப் பழைய பெயர். வரைபடத்திலும், இவன் தன் ஊர் என்று விரல் வைத்த அதே இடத்தில், அதே பழைய பெயர்.

"இந்த ஊரை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டு, அந்தப் பெயரைச் சுவிஸ் நாக்கில் எழுத்துக்கூட்டி வாசித்தார்.

இனி அதை நான் தமிழில் சொல்ல வேண்டும். கூட்டாமல், குறைக்காமல். கொன்றையடித் தபால் கந்தோர்க் கிளாக்கர் அவன் முகத்துக்கு நேரே அவன் சாதிப் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னேன்.

தவராசா ஃப்ளூரியைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தான். கண் இமைக்காமல் சொன்னான்:

"இல்லை. அப்பிடி ஒரு இடம் எனக்குத் தெரியாது."

"நன்றாக யோசியுங்கள். உங்கள் ஊர் இருக்கிறது என்று நீங்கள் காட்டிய இடத்தில் இந்த ஊர்தான் இருக்கிறது."

"தெரியாது எண்டு சொல்லிப்போட்டன்."

ஃப்ளூரியின் விரல் சிவப்புப் பென்சிலுக்குப் போனது. ஒரு கோடு. கொஞ்சம் யோசித்து அதன் மேலேயே இன்னொரு கோடு. அவர் பக்கம் நியாயம் இருந்தது. தன் ஊர் நிற்கிற இடத்தின் பெயரே தெரியாது என்கிறவன் அந்த ஊர்க்காரனாக இருக்க முடியாது. பத்திரிகையில் வந்த வேறு ஆட்களின் கதையைப் பாடமாக்கி வந்தவன் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். இடைவேளை என்றார்.

கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சன்னலோரம் நின்றேன். அவன் எனக்கு முன்னால்தான் பொய் சொன்னான். நான் அந்தக் கதிரையில் இல்லாவிட்டால் 'ஓம், அதுதான் எங்கள் ஊர்' என்று சொல்லியிருப்பான். கொன்றையடிக்காரனுக்கு முன்னால் அந்தப் பெயரை ஒத்துக்கொள்வதைவிட விமானத்தில் ஏறுவதே மேல் என்று நினைத்துவிட்டான், பாவி! அந்த ரோசம் எனக்கு விளங்கியது.

இதை ஃப்ளூரியிடம் சொல்லலாம். ஆனால் அவன் உயிரைப் பணயம் வைத்து மறைத்ததை எடுத்துச் சொல்ல நான் யார்? சொன்னால் தாழ்வாரத்தில் கதைத்ததும் வெளியே வரும். வேலை போகும். என் மனைவியும் மகளும் வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. என் வதிவிட அனுமதி வருடா வருடம் புதுப்பிக்கிற ஒன்று. உண்மையைச் சொன்னால், வாயை மூடிக்கொண்டிருந்து விடலாம் என்றுதான் முதலில் முடிவெடுத்தேன். விதியும் என் பக்கம் இருந்தது.

இடைவேளை முடிந்து, தட்டச்சு செய்ததைத் திரும்ப வாசித்துக் காட்டும் கட்டம். ஃபிராவ் மோசர் அடித்த ஒவ்வொரு தாளையும் நான் தமிழில் வாசிக்க வேண்டும். மனுதாரர் ஒவ்வொரு தாளின் அடியிலும் கையெழுத்திட வேண்டும். இட்டால் முடிந்தது, பிறகு மாற்ற முடியாது. முதல் தாள், இரண்டாம் தாள். கையெழுத்திட்டான். மூன்றாம் தாளில் அந்தக் கேள்வி. வாசித்தேன். அதன் கீழே பதில், ஜெர்மனில்: 'அப்படி ஓர் இடம் எனக்குத் தெரியாது.'

சிவப்பு மையில் நான் எழுதினதும் கிட்டத்தட்ட இதே வசனம்தான்! அதை வாசிக்காமல் நிறுத்தினேன்.

"தொடருங்கள்," என்றார் ஃப்ளூரி.

தாளை மேசையில் வைத்தேன். "ஹெர் ஃப்ளூரி, என்னை இந்த விசாரணையிலிருந்து நீக்கிவிடுங்கள்."

தட்டச்சுப் பொறி நின்றது. "காரணம்?"

"இந்தப் பதில் உங்களுக்குச் சொன்னது இல்லை. எனக்குச் சொன்னது. நான் இருக்கும்வரை இவரால் வேறு பதில் சொல்ல முடியாது."

"உங்களுக்கு அபிப்பிராயம் கிடையாது."

"இது அபிப்பிராயம் இல்லை. நான் செய்த காரியம்."

அவர் சாதாரணப் பென்சிலை எடுத்தார். ஃபிராவ் மோசருக்குக் கண் காட்டினார். புதுத் தாள் ஏறியது. பிறகு என்னை விசாரித்தார். மனுதாரரைக் கேட்கிற அதே குரல், அதே சின்னச் சின்னக் கேள்விகள். எந்த ஊர்? என்ன தொழில்? அந்தத் தபால் கந்தோரில் நீங்கள் என்ன எழுதினீர்கள்? எத்தனை தடவை? இன்று காலையில் இவரோடு கதைத்தீர்களா? என்ன கேட்டீர்கள்? ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். தவராசாவின் சாதியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. என் ஊர் என்ன செய்தது என்பதை மட்டும் சொன்னேன். எதிரே இருந்தவனுக்கு ஜெர்மன் விளங்காது. எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அண்ணை, என்ன கதைக்கிறியள்? என்னைப் பற்றியோ?"

"இல்லை, தம்பி. என்னைப் பற்றி."

மூன்றாவது கதிரையில் இருந்து நான் சொந்தமாகச் சொன்ன முதல் வசனம் அதுதான்.

ஃப்ளூரி எழும்பிப் போய்ச் சுவரில் இருந்த சட்டத்தின் முன் நின்றார். எங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு கதைத்தார். "மார்கரெட்டின் ஊர்ப் பெயருக்குப் பொருள் தெரிந்தவர்கள் எல்லாரும் செத்துப்போனார்கள். அதனால்தான் அவளால் அதை மாட்டி வைக்க முடிகிறது." திரும்பினார். "உங்கள் ஊரில் இன்னும் எல்லாருக்கும் தெரியும், இல்லையா?"

"ஓம்," என்று தலையாட்டினேன்.

"வெளியே இருங்கள். நீங்கள் விதியை மீறினீர்கள். அதைப் பற்றிப் பிறகு."

தாழ்வாரத்தில் அவன் இருந்த அதே வாங்கில் போய் இருந்தேன். அன்று ஃப்ளூரி செய்தது அந்தக் காலத்தில் நான் கேள்விப்படாதது. சூரிச்சில் இருந்த ஒரு தமிழ்நாட்டுப் பெண்மணியைத் தொலைபேசியில் பிடித்தார். வடமராட்சி எந்தத் திக்கில் என்றுகூட அந்தப் பெண்மணிக்குத் தெரியாது. பேசும் கருவியில் ஒலிபெருக்கி இருந்தது. கதவு சாத்தியிருந்தது. முக்கால் மணி நேரம் குரல்கள் கேட்டன, சொற்கள் கேட்கவில்லை. கேட்க முயன்றதை ஒத்துக்கொள்கிறேன். தட்டச்சுப் பொறி நின்று நின்று ஓடியது. ஒவ்வொரு தடவை நின்றபோதும் சிவப்புப் பென்சில் என்று நினைத்தேன்.

கதவு திறந்தது. தவராசா வந்து எனக்குப் பக்கத்தில், கொஞ்சம் இடம் விட்டு இருந்தான். அவனாகவே சொன்னான்:

"அந்த அம்மாவுக்கு அது வெறும் பேர், அண்ணை. 'இந்த ஊர் தெரியுமாங்க?' எண்டு கேட்டவா. ஓம், அதுதான் எங்கடை ஊர், நாங்கள் அந்தப் பேரைச் சொல்லுறேல்லை எண்டு சொல்லிப்போட்டன். ஏன் எண்டும் சொன்னனான்."

"நல்லது, தம்பி."

"உங்களைக் காலமையே தெரிஞ்சு போச்சு. தபால் கந்தோர் எண்டு சொன்னியளே. டவுனிலை இருந்து நான் எனக்கே போட்டுத் திரும்பி வந்த கடிதத்திலை நீங்கள் எழுதினதை நாலு வருசம் பெட்டியிலை வைச்சிருந்தனான்."

'மன்னிச்சுக்கொள்ளு' என்று சொல்ல நினைத்தேன். அது போதாது என்று எனக்கே தெரிந்தது. அவன் அந்தப் பெரிய குளிர்ச்சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு வான்கடிதத்தை எடுத்தான். நீலத் தாள், மடிந்து ஓரம் நைந்திருந்தது. உள்ளே எழுதி ஒட்டியிருந்தது. வெளியே விலாசம் வெறுமையாக இருந்தது.

"வந்து நாலு மாசம், அண்ணை. அம்மாவுக்கு இன்னும் கடிதம் போடேல்லை. நான் உயிரோடை இருக்கிறதே அவவுக்குத் தெரியாது. பழைய பேரை எழுத எனக்கு மனம் இல்லை. புதுப் பேரை எழுதினால் திரும்பி வரும்." பேனையை என் பக்கம் நீட்டினான். "நீங்கள்தானே இல்லையெண்டு எழுதினீங்கள். இப்ப இருக்கெண்டு உங்கடை கையாலை எழுதுங்கோ."

வாங்கிக்கொண்டேன். தாளை முழங்காலில் வைத்து அவனுடைய அம்மாவின் பெயரை எழுதினேன். வளர்மதிபுரம் என்று எழுதினேன். கொன்றையடி என்று எழுதினேன். எங்கள் ஊர்த் தபால்காரருக்கு என் கையெழுத்து நன்றாகத் தெரியும். திருப்பி அனுப்பிய உறைகளை மூட்டை கட்டியவரே அவர்தான். இதை அவர் திருப்பக்கூடாது என்று என் பெயரையும் ஓல்டன் விலாசத்தையும் பின்பக்கத்தில் போட்டேன். அவன் அதைச் சரிபார்த்து மடித்து வைத்துக்கொண்டான்.

ஃப்ளூரி என்னைக் காலவரையில்லாமல் நிறுத்தி வைத்தார். நான் பழைய குசினிக்கே போய்ச் சட்டி கழுவினேன். மனைவி ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. முழுக்கதையையும் சொன்ன பிறகு, "இதைச் சொல்ல இத்தினை வருசமோ?" என்று மட்டும் கேட்டாள்.

தைப்பொங்கல் முடிந்து சில நாளில் தொலைபேசி வந்தது. திங்கள் வேலைக்கு வரச் சொன்னார்கள். போனேன். வணக்கம் சொன்னதும் ஃப்ளூரி தவராசாவின் கோப்பைத் திறந்தார். அதில் ஒரு நீல வான்கடிதம் குத்தியிருந்தது. தவராசா கடிதத்துக்குள் எழுதியிருந்த விலாசத்துக்கு அவன் அம்மா நேரே அனுப்பிய பதில். மகன் கொண்டுவந்து கோப்பில் சேர்த்திருக்கிறான். அனுப்புநர் விலாசம் நடுங்கிய கையால் எழுதியிருந்தது: வளர்மதிபுரம், கொன்றையடி. அதன் பக்கத்தில் எங்கள் தபால் கந்தோரின் வட்ட முத்திரை. நான் ஏழு வருசம் குத்திய முத்திரை.

ஃப்ளூரி என்னை நிற்க வைத்தே கேட்டார். "நீங்கள் அந்தத் தபால் கந்தோரில் வேலை செய்தவர். கோப்பில் ஒரு குறிப்புத் தேவை. இந்த ஊர் இருக்கிறதா?"

ஜெர்மனில்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் தமிழ்தான் வந்தது.

"ஓம். இருக்கு."

அவர் ஃபிராவ் மோசரைப் பார்த்தார். எத்தனையோ விசாரணைகளில் அந்தச் சொற்களைக் கேட்டிருந்த ஃபிராவ் மோசர் அதை விளங்கிக்கொண்டு தட்டச்சு செய்தார்.